பள்ளம் நைனா ஜீப் விற்ற கதை

தன் வண்டிக்குத் தானே தேடிப் போய்க் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் திருத்தணிக்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஆதார் அட்டைக்கும் சர்ச் பாதிரியாருக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் பள்ளம் நைனா.

தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா நகல், சான்றிதழ் நகல், லேமினேஷன். வாரத்தில் ஆறு நாள் நின்ற இடத்தில் நின்றுகொண்டு மெஷினுக்குக் காகிதம் ஊட்டுகிற சாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆளே மாறிவிடுவார். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஜீப்பில் ஏறி, தார் ரோடு எங்கே முடிகிறதோ அங்கே தன் வேலையைத் தொடங்குவார். ஏரி, ஓடை, கல்குவாரிப் பாதை, உழுது போட்ட கொல்லை, எதையும் விடமாட்டார். மனைவி மெர்சி அக்கா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து செல்போனில் படம் எடுப்பார். அது ‘பள்ளமும் நானும்’ என்ற அவருடைய யூடியூப் சேனலில் அன்று மாலையே வந்துவிடும்.

ஜீப் பழையது. எவ்வளவு பழையது என்று கேட்டால், “எனக்கு முன்னாடியே ஞானஸ்நானம் வாங்கிடுச்சிப்பா” என்பார்.

நான் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறவன். உட்கார இடம் கிடைத்தால் தூக்கம், கிடைக்காவிட்டால் செல்போன். அப்படித்தான் காட்டிலும் மேட்டிலும் வண்டி ஓட்டுகிறவர்களின் வீடியோக்களில் போய் விழுந்தேன். விடியற்காலை வெளிச்சம். மேலே வட்டமடிக்கிற டிரோன். நெஞ்சை அதிர வைக்கும் இசை. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் ஆற்றுக்குள் வண்டியை இறக்குவார். தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு விரிக்கும். அவர் அக்கரையில் இறங்கி நிற்கும்போது ஷூவில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. “மக்களே, இந்த வண்டிக்கு முடியாதுன்னு ஒண்ணு கிடையாது” என்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கே ஒன்று வாங்கலாமா என்று தோன்றும். எங்கள் தெருவில் ஸ்கூட்டரைத் திருப்பவே மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது திருவள்ளூர் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். வண்டி ஆற்றைக் கடந்தது உண்மை. எத்தனாவது தடவையில் கடந்தது, அதற்கு முன்னால் யார் வந்து தள்ளினார்கள், அந்த வண்டியை யார் ஓசியில் கொடுத்தார்கள் என்பதெல்லாம் கத்தரிக்குப் போய்விடும். மிச்சமிருக்கிற உண்மை பார்க்க அழகாக இருக்கும்.

நைனாவிடம் கத்தரி கிடையாது. அவருடைய வீடியோ இப்படித் தொடங்கும்: “உள்ளத சொல்றேங்க. ஏரி மேல காஞ்சிகீது. உள்ள எப்படின்னு தெரியல. எறங்கிப் பாத்துடலாம்.” இறங்குவார். மாட்டிக்கொள்வார். அதன் பிறகு, ஜீப் அசையாமல் நிற்பதை நாமும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு தடவை கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ‘அண்ணா, நான் போய்க் குளிச்சி, சாப்பிட்டு வந்துட்டேன். நீங்க இன்னும் அங்கயேதான் இருக்கீங்க.’ நைனா அதற்குப் பதில் போட்டிருந்தார்: ‘ஆங். டிராக்டர் வருது.’

டிராக்டர் என்றால் முனிரத்தினம். ஆர்.கே.பேட்டை ரோட்டில் நிலம் வைத்திருப்பவர். ஞாயிறு மதியம் கறிக்குழம்புச் சோற்றில் கை வைக்கும்போது நைனாவின் போன் வரும் என்பது அவருக்குப் பழகிப்போயிற்று. அவர் வந்து கட்டி இழுத்துக் கரை சேர்த்த பிறகுதான் வீடியோவின் முக்கியமான கட்டம். ‘இழுத்தவர் தீர்ப்பு’ என்று அதற்குப் பெயர். வண்டி எப்படி என்று ஓட்டியவர் சொல்லமாட்டார். இழுத்தவர்தான் சொல்ல வேண்டும். இந்த வழக்கம் வேறு எந்தச் சேனலிலும் நான் பார்த்ததில்லை.

முனிரத்தினம் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பின் ஜன்னலோரம் வந்து நிற்பார்.

“சொல்லு முனிரத்தினம். வண்டிய பத்தி இன்னா நெனைக்கற?”

“இன்னாத்த சொல்றது நைனா. இஞ்சின் நல்ல முரட்டு இஞ்சின். ஆனா மூக்கு கனம். பூந்துச்சின்னா மூக்குதான் மொதல்ல பூந்துக்குது. பின்னாடி டயரு ஒண்ணு வேலை செய்யாம சும்மா சுத்திகினு கீது.”

“மார்க்கு எத்தினி போடலாம்?”

“வண்டிக்கா, உனுக்கா?”

இதையும் வெட்டாமல் போட்டிருக்கிறார். ஏன் நைனா இப்படி என்று ஒரு நாள் கடையில் கேட்டேன். மெஷின் மூடியைத் தூக்கியபடியே சொன்னார்: “ஓட்டறவனுக்கு அவன் வண்டி தங்கம் தம்பி. எவ்ளோ கனம்னு இழுத்தவன கேட்டாதான தெரியும்? இதோ பார், ஒருத்தன் மார்க் ஷீட்டு குடுக்கறான். அதுல ஃபெயிலுன்னு இருந்தா ஃபெயிலுன்னுதான் காப்பி வரும். நான் இன்னா பண்ண முடியும்?”

இப்படிப்பட்டவருக்கு ஏதோ கம்பெனிக்காரர்கள் தெரியாமல் ஒரு கயிறு அனுப்பிவிட்டார்கள். மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கிற கயிறு. அட்டைப் பெட்டியில் யானைப் படம். வீடியோ போட்டால் வருஷம் முழுக்கச் சாமான்கள் வந்துகொண்டே இருக்கும் என்று போனில் சொன்னார்களாம். நைனா அந்த ஞாயிறே போய்ச் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டார். முனிரத்தினம் கயிற்றைக் கட்டி டிராக்டரை முன்னே எடுத்தார். டிராக்டர் போயிற்று. ஜீப் போகவில்லை. கயிற்றின் கொக்கி மட்டும் பறந்துபோய் ஒரு புளியமரத்தில் மாட்டிக்கொண்டது. மரத்தை அண்ணாந்து பார்த்தபடி முனிரத்தினம் தீர்ப்பு சொன்னார்: “பொட்டி நல்லா கீது நைனா.”

மறுநாள் கம்பெனிக்காரர் போனில் கெஞ்சினார். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமே என்றார். “மீதின்னா பொட்டிய பிரிச்சது ஒண்ணுதாங்க மீதி” என்று நைனா மரியாதையாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு எந்தக் கம்பெனியும் அவருக்கு ஒரு ஸ்குரூ கூட அனுப்பவில்லை.

ஆனால் அந்த வீடியோவுக்குக் கீழே கிணறு தூர் எடுக்கிற ஒருவர் எழுதியிருந்தார். அதே கயிற்றை வாங்குவதற்காகப் பார்த்துவைத்திருந்தாராம். ‘கீழ ஆளுங்க நிப்பாங்க அண்ணா, மேலேர்ந்து சேத்துக் கூடைய இந்தக் கயித்துலதான் இழுத்திருப்பேன்’ என்று எழுதியிருந்தார். நைனா அதைக் காகிதத்தில் எடுத்து, லேமினேட் செய்து, கடையில் மெஷினுக்கு மேலே தொங்கவிட்டார். அவருக்குக் கிடைத்த ஒரே விருது அது. வாடிக்கையாளர் யார் வந்தாலும் நகல் எடுத்து முடிப்பதற்குள் அதைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

மெர்சி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட டீச்சர். அதட்டியே பழகிய குரல். ஆனால் ஜீப்பில் ஏறிவிட்டால் வாயே திறக்கமாட்டார். இன்னொரு விசேஷம், ஜீப் சேற்றில் எவ்வளவு புதைந்தாலும் இறங்கமாட்டார். கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் ஏறிவிட்டிருக்கும்; முனிரத்தினம், “எறங்கிடும்மா, கனம் கொறையும்” என்று கத்துவார்; அக்கா செல்போனைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். “டீச்சருக்குச் சேலை அழுக்காயிடும்” என்று முனிரத்தினம் கிண்டல் செய்வார். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் அக்காவுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டது. முதலில் தைலம், பிறகு மாத்திரை. கை மேலே எழும்பவில்லை. தலை வாரவும் நைனாதான் உதவ வேண்டியிருந்தது. அவர் பின்னிய சடை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம். வேலூரில் காட்டியபோது உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்றார்கள். எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்டதற்கு, “வயசாயிடுச்சி டாக்டர்” என்றாராம் அக்கா.

வெளியே வந்ததும் நைனா சொன்ன முதல் வார்த்தை: “செலவுக்கு ஜீப்ப குடுத்துடலாம் மெர்சி.”

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஊரில் வண்டி விற்கிறவர்கள் எல்லோரும் என்ன செய்வார்கள்? கழுவி, பெயின்ட் அடித்து, ஒரு மாலை போட்டு நிறுத்துவார்கள். குறை தெரியாத ஒருவர் வந்து வாங்கிப் போவார். நைனாவின் ஜீப்புக்கு அப்படி ஒருவர் பூலோகத்தில் கிடையாது. வருகிற ஆள் எல்லாம் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு ரயில்வே ரிட்டையர்டு ஜீப்பைப் பார்க்கவே இல்லை, நேராக முனிரத்தினத்திடம் போய், “நீங்கதான தீர்ப்பு சொல்றவரு?” என்று கேட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் நூல் மூட்டை ஏற்ற வண்டி தேடிக்கொண்டிருந்தார். விலை பேசும்போது வாயால் பேசவில்லை. செல்போனை அழுத்தினார். அதிலிருந்து நைனாவின் குரலே வந்தது: “உள்ளத சொல்றேங்க. வெயில் காலத்துல இந்த வண்டி நடு ரோட்டுல நின்னுக்கும். பச்சத் தண்ணி ஊத்தி, அரை மணி நேரம் பேசிகினு இருக்கணும்.”

“உங்க வாயாலயே சொல்லிகீறீங்களே. நான் இன்னா வெல சொல்றது?” என்றார் அவர்.

நைனா “ஆங்” என்று மட்டும் சொன்னார்.

ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய், வீடியோக்களை அழிக்க வேண்டாம், விற்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாமல் மறைத்து வையுங்கள், நான் செய்து தருகிறேன் என்றேன். முனிரத்தினமும் கூட இருந்தார்.

“எட்த்துடு நைனா. நான் சொன்னத எட்த்தா நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன்.”

“நீ கோச்சிக்க மாட்ட. கெணத்துக்காரன் இன்னா நெனப்பான்?” என்றார் நைனா.

“எந்தக் கெணத்துக்காரன்?”

நைனா மேலே தொங்கிய லேமினேஷனைக் காட்டினார். “இந்தாளு நாளைக்குத் திரும்பி வந்து பாக்கறான்னு வெச்சிக்க. கயிறு அறுந்தது இருக்கும். என் வண்டி நின்னது இருக்காது. அப்ப அவனுக்கு இன்னா தோணும்? இவன் அடுத்தவன் சாமான்னா ஓட்டை சொல்றான், தன் சாமான்னா மறைக்கறான்னு தோணாதா? அப்புறம் அந்தக் கயிறு நெஜமாவே அறுந்துச்சான்னு டவுட் வரும். போய் அதையே வாங்கிட்டான்னா?”

எனக்குக் கோபம் வந்தது. முகம் தெரியாத கிணற்றுக்காரனுக்காக வீட்டில் இருப்பவரின் கையை விட்டுவிடுவதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது. மெஷின் ஓடாமலே மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு நகரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மேட்டு நிலத்தில் மாந்தோப்பு. பேச்சில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஜீப்பைச் சுற்றி வந்தார். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களை அடையாளம் சொல்வது மாதிரி ஒவ்வொரு இடமாகத் தொட்டுச் சொன்னார்: “இதி மூக்கு கனம். இதி சும்மா சுத்தற டயரு. இங்க தண்ணி ஒழுகும். இந்தப் பக்கம் ஹாரன் அடிச்சா வைப்பர் ஆடும்.”

“ஆங். அவ்ளோதாங்க” என்றார் நைனா, தலையைக் குனிந்தபடி.

“நான் வேற வண்டிங்க நெறைய பாத்தேன் நைனா. அல்லாரும் சூப்பர் கண்டிஷன்றாங்க. சூப்பர் கண்டிஷன்னா எதுக்கு விக்கறீங்கன்னா பதில் லேது. உங்க வண்டியில இன்னா கெட்டுப்போயிருக்குதுன்னு எனக்கு மனப்பாடம். இன்னா இன்னா வாங்கி மாத்தணும்னு ஊட்லயே கணக்கு போட்டுட்டு வந்துட்டேன். நான் பயப்படாம வாங்கற வண்டி இது ஒண்ணுதான். நீங்க கேட்டதே குடுத்துடறேன், சரேனா?”

முனிரத்தினம் என் கையைப் பிடித்து அழுத்தினார். இத்தனை வருஷம் இந்த மனிதர் சேற்றில் நின்றுகொண்டு சொன்ன உண்மைக்கு முதல் முதலாக ஒருவர் விலை கொடுக்கிறார்.

அப்போதுதான் மெர்சி அக்கா வாசலிலிருந்து பேசினார்.

“ஒரு நிமிஷம்ங்க. இவரு எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னு நம்பி வாங்கறீங்க. ஒண்ணு பாக்கி இருக்குது. அது இவருக்கே தெரியாது.”

இந்த நேரத்திலா அக்கா என்று இருந்தது எனக்கு.

“இந்த எடது பக்கத் தகரக் கதவு. ரோட்டுல ஒண்ணும் ஆவாது. வண்டி பள்ளத்துல ஒரு பக்கமா சாஞ்சா பூட்டு கழண்டு தெறந்துக்கும். உள்ள இருக்கறவங்க இழுத்துப் புடிச்சிக்கணும். விட்டா கதவோட ஆளும் வெளிய போயிடுவாங்க.”

யார் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வலது கையில் செல்போன் இருந்திருக்கும். மிச்சமிருந்தது எந்தக் கை என்பது தெரிந்ததுதான்.

நைனா அக்காவையே பார்த்தார். படம் பிடிக்க ஆள் இல்லாமல் அவர் ஒரு நாளும் பள்ளத்தில் இறங்கியதில்லை. அவர் கண் பள்ளத்தின் மேல் இருக்கும். அந்தக் கதவு திறந்து அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

“எப்பலேர்ந்து மெர்சி?”

“வாங்கன நாள்லேர்ந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அதையும் வீடியோல போடுவீங்க. அப்புறம் ஊர்ல இருக்கறவன் எல்லாம், பொண்டாட்டிய இந்த மாதிரி வண்டியிலயா கூட்டிகினு போறன்னு உங்களத் திட்டுவான். நீங்க போறதையே வுட்டுடுவீங்க.” கொஞ்சம் நிறுத்தி, “மாட்டிகினா எவ்ளோ சந்தோஷமா இருப்பீங்க” என்றார்.

வகுப்பறையையே நடுங்க வைக்கும் அந்தக் குரல் கடைசி வார்த்தையில் உடைந்துவிட்டது. நைனா ஜீப்பின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். எங்கள் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மாந்தோப்புக்காரர் போய் அந்தக் கதவைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். “எங்க தோப்புல இந்த சீட்ல ஆள் ஒக்கார்றதில்லம்மா. மாங்கா கூடைதான் வரும். கயித்தால கட்டிக்கறேன்.” பிறகு நைனா பக்கம் திரும்பினார். “வெல அதேதான். ஒரு பைசா கொறைக்கல. ஆனா, கயிறு மட்டும் எந்தக் கம்பெனின்னு நீங்க சொல்லணும்.”

முதலில் சிரித்தது முனிரத்தினம். அப்புறம் எல்லோரும்.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை பாக்கி என்றார். மாந்தோப்புக்காரரை ஓட்டச் சொல்லி, அக்காவின் சீட்டில் தான் ஏறி உட்கார்ந்தார். வலது கையில் செல்போன், இடது கையில் கதவு. நந்தியாற்று ஓரத்துப் பள்ளங்களில் போய் வந்தார்கள். அந்த வீடியோவில் பள்ளம் சரியாகத் தெரியாது. பாதி வானம், பாதி நைனாவின் முழங்கால். மூச்சு வாங்குகிற குரல் மட்டும் கேட்கும்: “உள்ளத சொல்றேங்க. இவ்ளோ நாளா அல்லாத்தையும் சொல்லிட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன். ஒண்ணு வுட்டுப்போச்சி. இந்தக் கதவு ரொம்ப கனம்ங்க.” அத்தோடு முடிந்துவிடும். அவர் போட்டதிலேயே சின்ன வீடியோ அதுதான். நான் ரயிலில் பார்த்தேன். திருவள்ளூர் வரைக்கும் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்கா இப்போது தானே சடை பின்னிக்கொள்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஜீப் நகரி ரோட்டில் போய் மறைந்த அன்று நைனா நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார். நான்தான் வற்புறுத்தி என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். அழுகிறாரோ என்று பயந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ரயில்வே கேட் அருகில் என் தோளுக்குப் பின்னால் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“தம்பி, உள்ளத சொல்லட்டா? உன் வண்டியில பின் பிரேக்கு சத்தம் போடுது. ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சி. உக்காந்தவனுக்கு முதுகெலும்பு ஒவ்வொண்ணா எண்ணத் தெரியுது.”

மறுநாளே பிரேக்கைச் சரிசெய்துவிட்டேன். ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், “இன்னும் மாத்தலியா?” என்று கேட்டுவிட்டு, அது ஏன் ஆபத்து என்று நடு ரோட்டில் நின்று விளக்க ஆரம்பித்துவிடுவார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக நான் முதுகுவலியோடு ஆபீஸ் போய் வந்துகொண்டிருக்கிறேன்.